முதல் காசு ஸ்பிறிங்குக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் மோட்டச்சைக்கிள் ஒண்டை வாங்கி வைச்சிருக்கிற எங்கட பெடியளிட்ட நான் ஒரேயொரு விசயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வாறன். கையில முந்நூறு யூரோ மிச்சம் வந்தால் அதைச் சைலன்சருக்குக் குடுக்காதேங்கோ. ஸ்பிறிங்குக்கும் எண்ணெய்க்கும் குடுங்கோ. ஒருத்தரும் கேட்கிறேல்லை. ஏனெண்டால் சைலன்சர் சத்தம் போடும், நாலு பேர் திரும்பிப் பாப்பினம். ஸ்பிறிங் மாத்தினது ஓடுறவனுக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் ரெண்டாவது வளைவுக்குப் பிறகுதான் தெரியும்.

முதலே சொல்லிப்போடுறன், நான் மெக்கானிக் இல்லை. ஜேர்மனியில ஒரு றெஸ்ரோரண்ட் குசினியில வேலை செய்யிற ஆள். கோப்பை கழுவித் தொடங்கி இப்ப அடுப்படியில நிக்கிறன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில பௌதிகம் படிச்சது ரெண்டாம் வருசத்தோட நிண்டு போச்சு. 2006 ஆவணியில ஏ9 பாதை பூட்டினதுக்குப் பிறகு ஆர் படிச்சது, ஆர் உயிரோட இருந்தது எண்டதே பெரிய கதை, அது இங்க வேண்டாம். ஆனால் அந்தப் பாதிப் படிப்பு இந்த நாட்டில எனக்கு உதவின ஒரேயொரு இடம் என்ர மோட்டச்சைக்கிளின்ர முன் ஃபோர்க்தான் எண்டால் சிரிப்பியள். உயர்தரத்தில ஸ்பிறிங்கில படி தொங்கவிட்டு நீட்சியை அளந்து வரைபு கீறினமே, அந்தச் செய்முறையேதான். படிக்குப் பதிலா நான் தொங்கிறன்.

இதை இப்ப எழுதக் காரணம், என்னோட வேலை செய்யிற ஒருத்தற்ர மகன். பெடியனுக்கு எல்லைகள் இல்லாத ஏ லைசென்ஸ் கிடைச்சிட்டுது. வீட்டில நிக்கிறது 2001ஆம் ஆண்டுச் சுசுக்கி எஸ்வி 650 எஸ், அவன் தானே உழைச்சுக் காசு குடுத்து வாங்கினது. இப்ப அதை வித்துப்போட்டு இருநூறு குதிரைவலுவுக்குக் கிட்டவா இருக்கிற 1000 சிசி ஒண்டைக் கடனில எடுக்கப் போறானாம். காரணம் கேட்டால், "அங்கிள், இது வளைவுக்குள்ள ஆடுது, பிரேக் பிடிக்க முன்னுக்குக் குத்துது, பழசாப் போச்சு" எண்டுறான். தகப்பன் என்னட்டை வந்து, நீ சொன்னால் கேட்பான், மோட்டச்சைக்கிளையே விடச்சொல்லிச் சொல்லு எண்டு நிக்கிறார்.

நான் விடச்சொல்லப் போறதில்லை. விடமாட்டாங்கள். எங்கட சனத்துக்கு மோட்டச்சைக்கிள் எண்டால் ரெண்டே ரெண்டு கதைதான்: ஒண்டு "உது சாவுக்கு எடுக்கிற வாகனம்", மற்றது "என்ர மகன் ஆயிரம் சிசி வைச்சிருக்கிறான்". செத்தவீட்டில முதல் கதை, கலியாணவீட்டில ரெண்டாம் கதை. ரெண்டுக்கும் நடுவில, அந்தச் சாமான் எப்பிடி வேலை செய்யுது, றோட்டில அது சில்லை எப்பிடிப் பிடிச்சு வைச்சிருக்குது எண்டு கதைக்க ஒருத்தரும் இல்லை. அதால எழுதுறன்.

அவன் சொன்ன ரெண்டு குறையும் உண்மை. ஆடும், குத்தும். ஆனால் அது பழசானதால மட்டும் வாறதில்லை.

எஸ்வி 650 சந்தைக்கு வந்தது 1999இல. நல்ல எஞ்சின், 90 பாகை வி வடிவத்தில ரெண்டு சிலிண்டர், அலுமினியச் சட்டம். விலையைக் குறைச்சு வைக்க வேணும் எண்டால் எங்கயோ ஒரு இடத்தில கை வைக்கத்தானே வேணும்? சஸ்பென்சனில வைச்சினம். முன்னுக்கு 41 மி.மீ. குழாய், உள்ளுக்கு எண்ணெய் போய் வாறதுக்கு ஓட்டை போட்ட ஒரு கம்பி. அமுங்கிற வேகத்தையோ திரும்பி வாற வேகத்தையோ கட்டுப்படுத்தத் திருகாணி கிடையாது. பின்னுக்கு ஏழு படி வைச்ச ஒரு வளையம், ஸ்பிறிங்கை முன்கூட்டி அமுக்கிறதுக்கு மட்டும். ஸ்பிறிங் மெல்லிசு. மெலிஞ்ச ஆள் ஒருத்தர் பட்டணத்துக்குள்ள ஓட நல்ல சொகுசு. எண்பது கிலோவுக்கு மேல இருக்கிற ஒரு ஆள், ஜக்கெட், ஹெல்மெட், சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு மலைப்பாதையில ஓட அது காணாது. இது எஸ்விக்கு மட்டும் இல்லை. அந்தக் காலத்து நடுத்தர விலைச் சைக்கிள்கள் கனக்க இப்பிடித்தான்.

இதில என்ன ஆபத்து எண்டு விளங்கவேணும். பிரேக் பிடிக்கேக்க பாரம் முழுக்க முன்னுக்கு வரும். மெல்லிசான ஸ்பிறிங் அப்பிடியே இறங்கி, ஃபோர்க்கின்ர பயணம் முடியிற இடத்துக்குக் கிட்டப் போய் நிண்டுகொள்ளும். அந்த நேரம் பார்த்து றோட்டில ஒரு மேடு வந்தால் சில்லு மேல எழும்ப இடமில்லை. ஸ்பிறிங் செய்யவேண்டிய வேலையை ரயரும் உங்கட மணிக்கட்டும் செய்யவேணும். மேட்டைத் தாண்டின அடுத்த கணம் ரயர் றோட்டை விட்டுக் கிளம்பும். 1999இல வந்த எஸ்வியில ஏபிஎஸ்சும் இல்லை. கிளம்பின சில்லு பிரேக்கில பூட்டுப்பட்டால் என்ன நடக்கும் எண்டு நான் எழுதத் தேவையில்லை. இருநூறு குதிரைவலு வாங்கினால் இந்தப் பிரச்சினை தீராது. புதுசில நல்ல ஃபோர்க் வரும், உண்மை. ஆனால் அதையும் கடைக்காரன் குடுத்த மாதிரியே ஒரு திருகாணியும் தொடாமல் ஓடுறவன் வேற ஒரு ஆளின்ர பாரத்துக்குச் செய்த சைக்கிளைத்தான் இன்னும் வேகமா ஓடப் போறான்.

சரி, காசு செலவழிக்க முதல் செய்யவேண்டியது அளக்கிறது. இதுக்குத் தேவை ஒரு அளவுநாடா, ரெண்டு கூட்டாளி, ஒரு பிளாஸ்ரிக் கட்டுநார். சைக்கிளில ஆள் ஏறி இருந்தால் எவ்வளவு இறங்குது எண்டு பாக்கிறது. இதைச் 'சாக்' எண்டு சொல்லுவினம். நான் 'பதிவு' எண்டு சொல்லுறன் (வெளிநாட்டவர் காரியாலயத்தில செய்யிற பதிவு இல்லை, பயப்பிடாதேங்கோ). முதல் முன்பக்கத்தைத் தூக்கி, சில்லு தொங்கிற மாதிரி வைச்சு, ஃபோர்க் முழுக்க நீண்டிருக்கேக்க வெளிய தெரியிற குழாயின்ர நீளத்தை அளக்கவேணும். பிறகு நீங்கள் முழு உடுப்போட ஏறி இருக்கவேணும். ஒரு கூட்டாளி சைக்கிளை நிமித்திப் பிடிக்க, மற்றவர் முன்பக்கத்தைக் கீழ அமுக்கி மெல்ல மேல வர விட்டு ஒருக்கா அளக்கவேணும். பேந்து கொஞ்சம் தூக்கி மெல்லக் கீழ விட்டு இன்னொருக்கா அளக்கவேணும். ரெண்டும் ஒரே கணக்கு வராது. ரெண்டின்ர சராசரியை எடுத்து முதல் அளந்ததில இருந்து கழியுங்கோ. றோட்டில ஓடுற சைக்கிளுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் 30 இல இருந்து 40 மி.மீ. வரைக்கும் நல்லது. மொத்தப் பயணத்தில மூண்டில ஒரு பங்கு எண்டு வைச்சுக்கொள்ளலாம்.

அந்த ரெண்டு அளவுக்கும் இடையில வித்தியாசம் கூட இருந்தால் அது உராய்வு. ஸ்பிறிங்குக்கு முதல் அதைப் பாருங்கோ. குழாய் வளைஞ்சிருக்கலாம், சீல் காய்ஞ்சிருக்கலாம், உள்ளுக்கு இருக்கிற புஷ் தேய்ஞ்சிருக்கலாம். கனதரம் நடக்கிறது என்னெண்டால், ரயர் மாத்தின ஆள் முன் அச்சை இறுக்கிப்போட்டு ஃபோர்க்கை அமுக்கிப் பாக்காமலே கீழ்க் கவ்வுற போல்ட்டை இறுக்கி விடுறது. ரெண்டு காலும் ஒண்டுக்கொண்டு நேர் இல்லாமல் நிக்கும். அச்சை இறுக்கி, முன் பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு நாலைஞ்சு தரம் அமுக்கி, கால் ரெண்டும் தங்கட இடத்தில வந்து குந்தினாப் பிறகு கவ்வுற போல்ட்டை இறுக்கினால் பாதிப் பிரச்சினை காசில்லாமலே போகும்.

கட்டுநாரை ஃபோர்க் குழாயைச் சுத்திக் கட்டி, சீலோட முட்ட விட்டு ஓடிப்போட்டு வந்து பாருங்கோ. எவ்வளவு ஆழத்துக்கு ஃபோர்க் போச்சுது எண்டு அது நிண்டு காட்டும். பத்துச் சதத்துச் சாமான். ஆனால் அதைவிட உண்மை சொல்லுற சாமான் இந்த விளையாட்டில இல்லை.

என்ர சைக்கிளை (அதுவும் எஸ்விதான்) முதல்முதல் அளக்கேக்க முன்பக்கம் 48 மி.மீ. பதிஞ்சுது. நான் உடுப்போட தொண்ணூறு கிலோவுக்கு மேல. குசினியில வேலை செய்யிறவன் மெலிஞ்சிருந்தால் அந்தக் கடையில சாப்பிடாதேங்கோ.

இங்கதான் கனபேர் பிழையான பக்கம் திரும்பினம். "பதிவு கூடவோ? முன்கூட்டி அமுக்கி விடு, இறுகும்" எண்டுவினம். இறுகாது. ஸ்பிறிங்கின்ர இறுக்கம் அதின்ர கம்பியின்ர தடிப்பிலயும் சுற்றின்ர அகலத்திலயும் எத்தினை சுற்று எண்டதிலயும் இருக்கு. முன்கூட்டி 5 மி.மீ. அமுக்கினால் சைக்கிள் 5 மி.மீ. உயர நிக்கும். அவ்வளவுதான். ஒவ்வொரு மில்லிமீற்றர் இறங்கிறதுக்கும் தேவையான விசை முந்தி எவ்வளவோ இப்பவும் அவ்வளவே. உயர்தர வரைபை நினைச்சுப் பாருங்கோ, படித்திறன் மாறேல்லை, கோட்டில வேற இடத்தில நிக்கிறியள்.

ஸ்பிறிங் உங்கட பாரத்துக்குச் சரியோ எண்டு கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கு. ஆள் ஏறின பதிவைச் சரியாக வைச்சுப்போட்டு இறங்குங்கோ. இப்ப சைக்கிள் தன்ர சொந்தப் பாரத்தில எவ்வளவு பதியுது எண்டு பாருங்கோ. பின்பக்கம் 5 இல இருந்து 15 மி.மீ. இருக்கவேணும். ஒண்டும் பதியாமல் உச்சியில முட்டிக்கொண்டு நிண்டால் ஸ்பிறிங் மெல்லிசு, அதைக் கட்டாயப்படுத்தி அமுக்கி வைச்சிருக்கிறியள் எண்டு அர்த்தம். நல்லாக் கூடப் பதிஞ்சால் ஸ்பிறிங் உங்களுக்கு இறுக்கம் கூட. இது விளங்காமல் வளையத்தை ஏழாம் படிக்கு ஏத்திப்போட்டு "ஸ்போர்ட்ஸ் செற்றிங்" எண்டு சொல்லுறவையை நான் கனக்கக் கண்டிருக்கிறன். பாவம், முதுகெலும்புதான் ஸ்போர்ட்ஸ் செய்யுது.

இனி எண்ணெய். இதில எனக்கு உண்மையாவே கோவம் வரும்.

நாங்கள் குசினியில பொரிக்கிற எண்ணெய் கறுத்து, நுரை கட்டத் தொடங்கினால் மாத்துறம். கஞ்சத்தனமான முதலாளியும் மாத்துவார், ஏனெண்டால் வாடிக்கைக்காரனுக்கு வாயில தெரியும். ஃபோர்க்குக்குள்ள இருக்கிற எண்ணெயும் உழைக்கிற எண்ணெய்தான். ஒவ்வொரு குழிக்கும் அந்த ஓட்டைகளுக்குள்ளால தள்ளுப்பட்டுப் போய் வருகுது. புஷ் தேயிற தூள் எல்லாம் அதுக்குள்ளதான். இருபது வருசமாத் தொடாத ஃபோர்க்கைத் திறந்தால் வாறது சாம்பல் நிறத்தில மீன் கழுவின தண்ணி மாதிரி, மணமும் கிட்டத்தட்ட அதுதான். எஞ்சின் எண்ணெயை வருசாவருசம் மாத்துற ஆக்கள் இதை ஏன் ஒருக்காலும் மாத்தினமில்லை? கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எண்ணெய் வாங்கேக்க போத்திலில 10டபிள்யூ எண்டு போட்டிருக்கிறதை மட்டும் நம்பாதேங்கோ. ஒரு கொம்பனியின்ர பத்தும் இன்னொரு கொம்பனியின்ர பத்தும் ஒண்டில்லை. 40 பாகை செல்சியசில அதின்ர பாகுத்தன்மை எத்தினை சென்ரிஸ்ரோக்ஸ் எண்டு தரவுத்தாளில இருக்கும், அதைத்தான் ஒப்பிடவேணும். எண்ணெயின்ர மட்டத்தை அளக்கிறது ஸ்பிறிங்கை வெளிய எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மேல் வாயில இருந்து. எண்ணெய் கூட இருந்தால் மேல இருக்கிற காத்துக்கு இடம் குறையும், கடைசிப் பயணத்தில அந்தக் காத்தே ரெண்டாவது ஸ்பிறிங் மாதிரி இறுகும். அதால ஃபோர்க் அடியில முட்டுற ஆளுக்கு அஞ்சு மி.மீ. எண்ணெய் கூட்டுறதும் ஒரு வைத்தியம். ரெண்டு காலிலயும் ஒரே மட்டம் இருக்கவேணும். இதை வீட்டில செய்யலாம், ஆனால் முன்பக்கத்தை ஒழுங்காத் தூக்கி நிப்பாட்டாமல் மேல் மூடியைத் திறக்காதேங்கோ. உள்ளுக்கு ஸ்பிறிங் அமுங்கி இருக்கு, மூடி முகத்துக்கு வரும்.

ஸ்பிறிங்கும் எண்ணெயும் சேர்த்து நூறு, நூற்றைம்பது யூரோ அளவில முடியும். ஜேர்மனியில கூட விக்கிறது விர்த், வில்பர்ஸ் கொம்பனிகளின்ர படிப்படியா இறுகிற ஸ்பிறிங். ஒல்லாந்துக் கொம்பனி ஹைப்பர்ப்ரோவின்ரையும் அந்த வகைதான். எனக்கு விருப்பம் நேரா ஒரே இறுக்கத்தில போற ஸ்பிறிங், கணக்குப் பாக்க லேசு. என்ர பாரத்துக்கு மில்லிமீற்றருக்கு 9 நியூட்டன் அளவில போட்டன். 48 மி.மீ. பதிஞ்சது 36க்கு வந்துது. ஆனால் புதுசாத் தொடங்கிற பெடியனுக்கு நான் சொல்லுறது, கடதாசியோட வாறதை வாங்கு. ஏனெண்டு கீழ சொல்லுறன்.

ஸ்பிறிங் மாத்தினாலும் அந்த ஓட்டை போட்ட கம்பியின்ர குணம் மாறாது. ஓட்டைக்குள்ளால எண்ணெயைத் தள்ளுற விசை வேகத்தின்ர வர்க்கத்தோட கூடும். விளக்கமாச் சொன்னால், பிரேக் பிடிக்கேக்க ஃபோர்க் மெதுவா இறங்குது, அப்ப தடுக்க ஆளில்லை. கூரான குழியில சில்லு அடிக்கேக்க வேகம் கூட, அப்ப எண்ணெய் போக வழியில்லாமல் கல்லு மாதிரி நிக்குது. தடுக்கவேண்டிய நேரம் தடுக்காது, விடவேண்டிய நேரம் விடாது. (சில அரசாங்க அலுவலகங்கள் ஞாபகம் வருகுது.) நல்ல ஃபோர்க்கில மெல்லிய தகடுகளை அடுக்கின வால்வு இருக்கும். விசை கூடினால் தகடு வளைஞ்சு வழிவிடும். அந்தக் குணத்தைப் பழைய ஃபோர்க்குக்குக் குடுக்கத்தான் ரேஸ் ரெக் கொம்பனி எமியுலேற்றர் எண்ட சின்ன வால்வைச் செய்தது. அது கம்பியின்ர தலையில குந்தியிருக்கும், மேல இருக்கிற பெரிய ஸ்பிறிங் அதை அமுக்கிப் பிடிக்கும். கம்பியில ஓட்டைகளைப் பெருசாக்கி, இன்னும் சிலது துளைக்கவேணும், அப்பதான் அமுங்கிற வேலையை வால்வு தன்ர கையில எடுக்கும். திரும்பி வாற வேகத்தை எண்ணெயின்ர தடிப்பு தீர்மானிக்கும். நல்ல வேலை செய்யும். ஆனால் துளைச்ச கம்பி துளைச்சதுதான், பழையபடி வராது. ஸ்பிறிங்கும் புது எண்ணெயும் போட்டு ஒரு கோடைகாலம் முழுக்க ஓடிப்போட்டு, பிறகும் காணாது எண்டால் யோசியுங்கோ. கனபேருக்கு அதோட காணும்.

பின்பக்கம் வேற கதை. பழைய சொக்கப்சோபருக்குள்ள இருக்கிற காஸ் போய், எண்ணெய் களைச்சுப் போயிருக்கும். ஆசனத்தை அமுக்கி விட்டால் ஒருக்கா எழும்பி அடங்கவேணும். ஊஞ்சல் மாதிரி ரெண்டு மூண்டு தரம் ஆடினால் அதுக்குள்ள ஒண்டுமில்லை, வெறும் ஸ்பிறிங்தான் சைக்கிளைத் தாங்குது. அந்தப் பெடியன் சொன்ன "வளைவுக்குள்ள ஆடுது" எண்டதுக்கு முக்காவாசிக் காரணம் இதுதான் எண்டு நான் நினைக்கிறன். (மிச்சக் கால்வாசி ரயர். அவன்ர ரயரின்ர பக்கத்தில இருக்கிற நாலு இலக்கத்தைப் பார்த்தன், முதல் ரெண்டும் கிழமை, கடைசி ரெண்டும் வருசம். அந்த ரயர் அவனைவிட அனுபவசாலி.) புது சொக்கப்சோபர் நல்லதெண்டால் ஐந்நூறு யூரோவுக்கு மேல போகும், ஆயிரத்தையும் தாண்டும். வேற மொடல் சைக்கிளில இருந்து பழசு ஒண்டைக் கழட்டிப் பூட்டுறவையும் இருக்கினம். நீளம் ஒரு சில மி.மீ. மாறினாலே பின்பக்கம் உயர்ந்து, முன் ஃபோர்க் செங்குத்தா வந்து, கைபிடி லேசாகி, நேர் றோட்டில வேகத்தில நடுங்கத் தொடங்கலாம். நீளம், ஸ்பிறிங்கின்ர இறுக்கம், இணைப்புக் கம்பி மூண்டும் பொருந்தாமல் "பூட்டுப்பட்டுது" எண்டதுக்காகப் பூட்டக்கூடாது.

இப்ப கடதாசி. ஜேர்மனியில இருக்கிற எங்கட ஆக்களுக்குக் கடதாசியின்ர அருமை நான் சொல்லித்தான் தெரியவேணுமோ? டுல்டுங் கடதாசியை மாதக்கணக்கில சேட்டுப் பொக்கற்றில வைச்சுக்கொண்டு திரிஞ்ச சனம் நாங்கள். சஸ்பென்சன் சாமானில ஏபிஇ எண்ட பொது அனுமதியோட வாறதெண்டால் அதைச் சைக்கிளோட கொண்டு திரிஞ்சால் பெரும்பாலும் காணும், உள்ளுக்கு எழுதியிருக்கிற நிபந்தனையை மட்டும் வாசியுங்கோ. வேற சிலதைப் பூட்டின கையோட ட்யூஃபிலயோ டெக்ராவிலயோ காட்டி எழுதுவிக்கவேணும். ஒரு கடதாசியும் இல்லாத சாமானைப் பூட்டினால் தனியாப் பரிசோதிச்சு அனுமதி எடுக்கவேணும், இல்லாட்டி வாகனம் றோட்டில ஓடுற அனுமதியே போகும். விபத்து ஒண்டு நடந்தால் அந்தக் கதை வழக்கறிஞரிட்டையும் காப்புறுதிக் கொம்பனியிட்டையும் போய் நிக்கும். பிரச்சினை வந்தால் எங்கட முகத்தை ரெண்டு தரம் பாப்பினம் எண்டதும் உங்களுக்குத் தெரியும். அதால, இணையத்தில அமெரிக்காக்காரன் எஸ்வியின்ர முன்பக்கத்தையே கழட்டி ஜிஎஸ்எக்ஸ் ஆர் ஃபோர்க்கை முழுசாப் பூட்டுறதைப் பார்த்து இங்க ஒருத்தரும் ஆசைப்படாதேங்கோ. அங்க அது ஒரு வார இறுதி வேலை. இங்க அது ஒரு வழக்கு. அந்தக் காசுக்கு, பிறக்கேக்கயே நல்ல ஃபோர்க்கோட பிறந்த பழைய சைக்கிள் ஒண்டை வாங்கலாம். அதை நான் மனமார ஆதரிப்பன்.

அப்பிடித் திருகாணி இருக்கிற சைக்கிள் வைச்சிருக்கிறவைக்கு ஒரு ஒழுங்கு. முதல் ரயரில காத்து (எஸ்விக்கு முன்னுக்கு 2.25 பார், பின்னுக்கு 2.5, ரயர் குளிரா இருக்கேக்க). பிறகு பதிவு. பிறகு திரும்பி வாற வேகம். கடைசியாத்தான் அமுங்கிற வேகம். தொடங்க முதல் எல்லாத் திருகாணியையும் மெல்ல உள்ளுக்கு முழுக்கத் திருகி எத்தினை சொடுக்கு எண்டு எண்ணி எழுதி, திரும்ப அதே இடத்தில விடுங்கோ. ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்தி, அதே றோட்டில அதே வேகத்தில ஓடிப் பாருங்கோ. கறிக்கு உப்பும் புளியும் தூளும் ஒரேயடியாப் போட்டுப்போட்டு எது கூடினது எண்டு கேட்கிற ஆள் சமையலுக்கும் சரிவராது, இதுக்கும் சரிவராது. திரும்பி வாற வேகம் கூடினால் சைக்கிள் துள்ளும். குறைஞ்சால் அது இன்னும் மோசம், ஏனெண்டால் உடனே தெரியாது: அடுத்தடுத்து வாற மேடுகளில ஸ்பிறிங் எழும்பி வர நேரமில்லாமல் ஒவ்வொரு மேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் கீழ போய்க் கடைசியில கல்லாகும். ஓடுறவன் "ஸ்பிறிங் இறுக்கம் கூட" எண்டு நினைச்சு நேர்மாறான வைத்தியம் செய்வான்.

எனக்குத் திங்கக்கிழமை கடை பூட்டு. வூப்பர்ராலில இருந்து வெளிக்கிட்டு பெர்கிஷஸ் லாண்ட் பக்கம், அல்ரன்பெர்க் தேவாலயத்தைச் சுத்திப்போற அந்த வளைவுப் பாதைகளில திங்கக்கிழமை சனம் இல்லை. மரத்துக்குக் கீழ றோட்டில ஒட்டுப்போட்ட இடங்கள் இருக்கு. முந்தி அந்த ஒட்டுக்களில என்ர சைக்கிள் ரெண்டு அடி வெளிய தள்ளும். இப்பவும் தெரியுது, ஆனால் கோட்டை விட்டுப் போறேல்லை. வேகம் கூடேல்லை, நான் வேகத்துக்கு ஓடுறவனும் இல்லை. தோள் நோகாமல் வீட்டை வந்து, பின்னேரம் பிள்ளையோட விளையாட ஏலுது.

எங்கட வீட்டில இருந்தது ஹொண்டா சி90. அதின்ர முன்பக்கம் வேற விதமான இணைப்பு, பிரேக் பிடிக்கக் குனியாமல் எழும்பும். சின்ன வயசில எனக்கு அது பெரிய அதிசயம். 1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடைக்குள்ள, சின்னப் போத்திலில இருந்து நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின காலம். புகையும் மணமும் ஒழுங்கையே நிறையும். அப்பா ஒரு சாமானையும் எறிஞ்சதில்லை, எறிஞ்சால் அடுத்தது இல்லை. அது பெருமைப்படுற காலமும் இல்லை, திரும்பி வரவேண்டிய காலமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சாமானும் எப்பிடி வேலை செய்யுது எண்டு வீட்டில ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருந்தது. இங்க பிறந்த பிள்ளையளுக்கு எல்லாம் கடையில வாங்கிற பெட்டி. பழுதானால் அடுத்த பெட்டி, காசு இல்லாட்டிக் கடன். ஒரு வேலைத்தளத்தில அவன்ர எஸ்வியைக் கொண்டுபோய்க் காட்டினதுக்கு, "இதுக்குச் செலவழிக்கிறது வீண், புதுசு எடு, மாதத்தவணை போட்டுத்தாறம்" எண்டிருக்கினம். சைக்கிளின்ர பின்பக்கத்தை ஒருக்கா அமுக்கிக்கூடப் பாக்கேல்லையாம். விக்கிறவன் அப்பிடித்தான் சொல்லுவான், அதில எனக்கு ஆச்சரியம் இல்லை.

தகப்பனுக்கு நான் சொன்னது: கடனுக்குக் கையெழுத்து வைக்காதேங்கோ, மோட்டச்சைக்கிளை விடச்சொல்லவும் வேண்டாம். இருநூறு யூரோ குடுங்கோ, அந்தக் காசுக்குப் பில் கேளுங்கோ. புது முன் ஸ்பிறிங், எண்ணெய், சீல். மிச்சத்துக்கு அவன் தானே உழைச்சு ரயர் போடட்டும். பின் சொக்கப்சோபருக்கு அவசரமில்லை, ஆரும் நல்ல நிலையில கழட்டி வைச்சிருக்கிறதைக் கடதாசியோட தேடலாம். தகப்பனுக்கு முழுத் திருப்தி இல்லை. "இருநூறு யூரோவில அவன் பத்திரமா வருவானோ?" எண்டு கேட்டார். அதுக்கு நான் உத்தரவாதம் குடுக்கேலாது, ஆரும் குடுக்கேலாது எண்டு சொன்னன். ஆனால் அவன் பிரேக் பிடிக்கேக்க முன்சில்லு றோட்டில நிக்கிற நேரம் கூடும், அதை அளந்தே காட்டலாம் எண்டன்.

பெடியனை அளந்து பார்த்தாச்சு. ஹெல்மெட், ஜக்கெட்டோட 78 கிலோ. முன்பக்கம் 44 மி.மீ. பதியுது. பின்பக்கம் வளையத்தை ஆரோ முந்தின சொந்தக்காரன் ஏழாம் படியில விட்டிருக்கிறான், அப்பிடியிருந்தும் ஊஞ்சலாடுது. ஸ்பிறிங் ஓடர் பண்ணியிருக்கு.